300 ஜி.பி. கணக்கு மாயம்! 5 காவல் இருந்தும் பெட்டி காலி

சர்வர் புதுசு, நகல் எடுக்கும் கருவி பழசு - நடந்தது என்ன?

ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கும் இரண்டே வினாடியில் அழிந்து போனது. வெளியாள் யாரும் பூட்டை உடைக்கவில்லை. அழித்தவர் கம்பெனியின் சொந்த என்ஜினீயர். அதுவும் சர்வரைக் காப்பாற்றப் போன நேரத்தில்!

"போனால் போகட்டும், நகல் இருக்கிறதே" என்று நகல் பெட்டியைத் திறந்தார்கள். பெட்டி காலி!

இது 2017-ல் நடந்தது. ஆனால் டேட்டாபேஸ் சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்றுகிற எல்லோரும் இன்றைக்கும் படித்துப் பார்க்க வேண்டிய வழக்கு. இதன் விவரம் வருமாறு:-

கணக்கப்பிள்ளை

டேட்டாபேஸ் சர்வர் என்றதும் மிரள வேண்டாம். அது ஒரு கணக்கப்பிள்ளை. ரெயில் டிக்கெட் ரிசர்வ் செய்தாலும், பாங்கில் பணம் போட்டாலும், கடையில் பில் போட்டாலும் கடைசியில் பேரேட்டில் எழுதி வைப்பது அதுதான். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்று இந்தக் கணக்கப்பிள்ளைகளில் பல பேர் உண்டு.

போஸ்ட்கிரெசில் வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் வருகிறது. பெரிய வெர்ஷன் என்றால் பேரேடு எழுதும் முறையே மாறலாம். பழைய வெர்ஷன் எழுதிய பேரேட்டைப் புதுசு அப்படியே திறக்காது. ஆகவே கணக்கு முழுவதையும் முறைப்படி மாற்றித் தர வேண்டும். இதைத்தான் "அப்கிரேடு" என்கிறார்கள்.

கை தவறியது

கிட்லேப் என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் பத்திரமாக வைக்க இடம் தருவது இதன் தொழில். இதன் கணக்கு போஸ்ட்கிரெஸ் 9.6 வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெர்ஷன் வெளிவந்தது 2016 செப்டம்பரில். அப்போதைக்கு அதுதான் புதுசு.

2017 ஜனவரி 31-ந்தேதி சாயங்காலம் சர்வரில் திடீரென்று பளு ஏறியது. விளம்பரக் குப்பை அனுப்பும் ஆசாமிகளின் வேலை என்று சந்தேகித்தார்கள். பளு தாங்காமல் பக்கத்துச் சர்வர் பின்தங்கியது. முதல் சர்வர் எழுதுவதை உடனுக்குடன் பார்த்து எழுதும் துணைச் சர்வர் அது.

துணைச் சர்வரைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுத வைக்க முயன்றார் ஒரு என்ஜினீயர். எவ்வளவோ போராடியும் நகரவில்லை. "மிச்சம் மீதி கிடப்பதுதான் தடையோ" என்று நினைத்து, கோப்புகளை அழிக்கும் உத்தரவைத் தட்டினார். அப்போது இங்கிலாந்து கடிகாரத்தில் இரவு 11-30 மணி. நம்மூரில் பிப்ரவரி 1 விடிகாலை 5 மணி.

தட்டிய இடம் துணைச் சர்வர் இல்லை. முதல் சர்வர்!

ஓரிரு வினாடியில் விஷயம் புரிந்து நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் சுமார் 300 ஜி.பி. போச்சு. மிஞ்சியது 4.5 ஜி.பி. அளவுதான்.

பெட்டி காலி

நகல் வைக்க அந்தக் கம்பெனியில் ஐந்து விதமான ஏற்பாடு இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள்.

துணைச் சர்வர்? அதைத்தான் ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது.

வட்டை அப்படியே படம் பிடித்து வைக்கும் ஏற்பாடு? மற்ற சர்வர்களுக்குப் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸ் சர்வருக்குப் போடவில்லை.

தினசரி நகல்? அமேசான் கம்பெனியின் கிடங்கில் அதற்கென்று இடம் வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை!

துப்பு கிடைத்தது

தினசரி நகல் ஏன் இல்லை? இங்கேதான் வெர்ஷன் விவகாரம் வருகிறது.

நகல் எடுக்கும் கருவிக்குப் பெயர் பிஜி-டம்ப். சர்வருக்கு இருப்பது போல இதற்கும் வெர்ஷன் உண்டு. சர்வர் 9.6. ஆனால் நகல் எடுக்கப் போன கருவி 9.2. அது 2012-ல் வந்த கருவி. இரண்டுக்கும் நாலு வயது வித்தியாசம்.

புதுக் கருவி பழைய சர்வரைப் படிக்கும். பழைய கருவி புது சர்வரைத் தொடாது. "இந்தக் கணக்கு எனக்குப் புரியாது. தப்பாக எழுதுவதை விட எழுதாமல் இருப்பது மேல்" என்று ஒதுங்கிவிடும். அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. தெரியாத கணக்கைத் தெரிந்த மாதிரி எழுதுகிற ஆளை விட இது யோக்கியம்.

புதுக் கருவி கம்பெனியில் இல்லாமல் இல்லை. சர்வரின் கோப்புறையில் வெர்ஷன் எண் எழுதிய ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதைப் பார்த்துத்தான் எந்தக் கருவி வேண்டும் என்று முடிவாகும். ஆனால் நகல் வேலை நடந்தது வேறொரு மெஷினில். அங்கே அந்தக் கோப்பு கிடையாது. கோப்பு இல்லையென்றால் பழசை எடு என்று ஏற்பாடு. அது பழசை எடுத்தது. பழசு கையை விரித்தது.

தினமும் இதே கதை. "நகல் எடுக்க முடியவில்லை" என்று ஈமெயிலும் கிளம்பியது. ஆனால் அந்தக் கடிதங்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அனுப்பியவர் யார் என்று உறுதி செய்யும் முத்திரை இல்லாததால், வாங்க வேண்டிய மெயில் சர்வர் வாசலிலேயே திருப்பி விட்டது.

தப்பியது அதிர்ஷ்டம்

கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு தற்செயல். சம்பவத்துக்கு சுமார் 6 மணி நேரம் முன்னால், வேறு ஒரு சோதனைக்காக ஒரு என்ஜினீயர் டேட்டாபேசைக் கையால் ஒரு நகல் எடுத்திருந்தார். அதை வைத்து சுமார் 18 மணி நேரத்தில் கடையைத் திறந்தார்கள்.

இடைப்பட்ட 6 மணி நேரக் கணக்கு திரும்பவில்லை. சுமார் 5 ஆயிரம் புராஜெக்ட் விவரங்கள், 5 ஆயிரம் கருத்துகள், 700 புது உறுப்பினர்கள் - எல்லாம் அம்பேல். புரோகிராம்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின.

கம்பெனி எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டியது. பிறகு நடந்ததை வரிசையாக எழுதி வெளியிட்டது. அந்த அறிக்கையில் கை தவறியவரின் பெயரைப் போடவில்லை.

யார் குற்றவாளி?

ராத்திரி நேரத்தில், அசந்து போன ஆளுக்குக் கை தவறுவது சகஜம். அதற்காகத்தானே நகல் வைப்பது? உண்மையான கோளாறு அதற்கு வெகு நாள் முன்பே நடந்துவிட்டது. சர்வர் 9.6-க்குப் போனது. அதைச் சுற்றியிருக்கும் கைக்கருவி போகவில்லை. போகவில்லை என்பதை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை.

அப்கிரேடு என்றால் சர்வரை மாற்றினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நகல் எடுக்கும் கருவி, இரவில் ஓடும் வேலைகள், எச்சரிக்கைக் கடிதம் போகும் வழி, பில் போடும் புரோகிராம் - இத்தனையும் புது வெர்ஷனோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் முடிந்தது.

"அப்படியானால் பழசே கிடக்கட்டுமே" என்று சொல்லவும் வழியில்லை. போஸ்ட்கிரெசில் ஒரு வெர்ஷனுக்கு 5 வருஷம்தான் ஆதரவு. 13-வது வெர்ஷனுக்கு 2025 நவம்பரோடு முடிந்தது. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆள் வராது. திருடனுக்கு அது தெரியும்.

திரும்பும் வழி

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. கிட்ஹப் என்ற கம்பெனி (பெயர் ஒரே மாதிரி, ஆள் வேறு) மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து 8.0-க்குப் போனது. 1,200-க்கும் மேற்பட்ட சர்வர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. துணைச் சர்வர்களை முதலில் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அவற்றில் ஒன்றைத் தலைவனாக்கினார்கள். கோளாறு என்றால் பழசுக்கே திரும்பும் வழியையும் கையில் வைத்திருந்தார்கள்.

இந்தத் திரும்பும் வழிதான் முக்கியம். போஸ்ட்கிரெசில் கணக்கைப் பிரதி எடுக்காமல் அதே கோப்புகளின் மேலேயே புது வெர்ஷனை உட்கார வைக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. சீக்கிரம் முடியும். ஆனால் புது சர்வரை ஒருமுறை ஓட்டிவிட்டால் பழைய சர்வரை அந்தக் கோப்புகளில் திரும்ப ஓட்டக் கூடாது. தனி நகல் கையில் இல்லாமல் அந்த வழியில் இறங்குவது கிணற்றில் இறங்கிவிட்டுக் கயிறு தேடுகிற கதை.

நீங்கள் என்ன செய்யலாம்?

கடையிலோ ஆபீசிலோ பில் மெஷினுக்கு "வெர்ஷன் மாற்றியாச்சு, எல்லாம் ஓகே சார்" என்று ஆள் சொன்னால், உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"நேற்று ராத்திரி எடுத்த நகலை வேறொரு மெஷினில் ஏற்றி, நேற்றைய பில் ஒன்றை எனக்குக் காட்டுங்க தம்பி."

காட்டினால் மாற்றம் முடிந்தது. "நகல் தானா எடுக்குதுங்க" என்று மட்டும் பதில் வந்தால், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிட்லேப்பிலும் தினமும் தானாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது!