கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

பீங்கான் பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவரைப் போன வாரம் பாலக்கரையில் பார்த்தேன். இரண்டு பாதமும் உப்பி, செருப்பு ஏறவில்லை. கல்லீரலைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். "கண்ணு மஞ்சளா இல்லியேண்ணே. அப்படியே இருந்தாலும் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா போச்சு" என்று சிரித்தார்.

2016-இல் நானும் இதையேதான் சொன்னேன்.

முப்பது வருஷம் சூளைப் பக்கம் நின்ற கால், வீங்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பு. ரிட்டயர் ஆனவனுக்கு இது சகஜம் என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊரில் பச்சிலை வாங்கி, மோர் சோற்றுப் பத்தியமாக ஒரு மாதம் இருந்ததில் உடம்பு பாதியானது. பிறகு ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அதையும் இரண்டு நாள் சொல்லாமல் மறைத்தேன். கடைசியில் மயக்கமாகத்தான் ஜிப்மருக்குக் கொண்டுபோனார்கள். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் கசிந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்து ரப்பர் வளையம் போட்டு நிறுத்தினார்கள். கல்லீரல் சுருங்கித் தழும்பாகியிருந்தது. காரணம் ஹெபடைடிஸ் பி கிருமி. அதுவரை கண் மஞ்சளாகவே இல்லை!

கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். நல்ல பலன் என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊரில் அதற்கு இவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம் வேறு. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். புகழ் இலைக்குப் போய்விடுகிறது. அந்தப் புகழை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்று, வெட்கம். நான் குடித்ததே கிடையாது. ஆனாலும் கல்லீரல் என்றதும் உறவுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. குடியாலும் வரும், கிருமியாலும் வரும், சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்த கொழுப்பாலும் வரும். குடித்தவன் மட்டும் வைத்தியத்துக்கு ஆகாதவனா என்ன?

அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், ஏனென்றால் தழும்பான கல்லீரலில் புற்று வரலாம். உப்பைக் குறைத்தேன், பருப்பும் முட்டையும் கூட்டினேன். வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட்டோம். 2018-இல் தேசியத் திட்டம் வந்த பிறகு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தழும்பு இருக்கிறது. ஆனால் வீக்கம் வற்றிவிட்டது, காலையில் கோயிலைச் சுற்றி நடக்கிறேன்.

நண்பரின் காலை டீக்கடை பெஞ்சில் தூக்கி வைக்கச் சொல்லி நானே அழுத்திப் பார்த்தேன். குழி நின்றது. அவர் சிரிப்பும் நின்றது. திங்கட்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸில் அவரோடு நானும் போகிறேன்.