சொல்லத் தெரிந்த பிள்ளை

மேட்டூரில் ஆண்டுதோறும் இரண்டு புறப்பாடுகள் நிகழ்கின்றன. அணையில் போதிய நீர் இருக்குமாயின், ஜூன் 12ஆம் நாள் டெல்டாப் பாசனத்திற்காகக் காவிரி புறப்படுவது ஒன்று. அதனை அடுத்த வாரங்களில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாகக் கல்லூரிகளை நோக்கிப் புறப்படுவது மற்றொன்று. சேலத்தில் 1857இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரியும், 1966இல் தோன்றிய அரசு பொறியியல் கல்லூரியும், 1997இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகமும் அவர்களுள் பலரை ஏற்றுக்கொள்கின்றன. ஏனையோர் நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு, கோவை, சென்னை என இன்னும் தொலைவு செல்கின்றனர்.

அவர்களை வழியனுப்பும் இல்லங்களை நாம் நன்கறிவோம். அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் தந்தை, நீர்த்தேக்கத்தில் வலை வீசிப் பிழைக்கும் தந்தை, தறியில் அமர்ந்து நாளெல்லாம் நெய்யும் தாய் ஆகியோரின் இல்லங்கள் அவை. பலவற்றில் அப்பிள்ளையே குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வேண்டியவர். வாளி, தட்டு, போர்வை, ஊறுகாய்ப் புட்டி என யாவும் எண்ணி எடுத்து வைக்கப்படுகின்றன. ஒன்று மட்டும் பெரும்பாலும் மறந்துபோகிறது. “இடர் வந்தால் தயங்காமல் எங்களிடம் சொல், நாங்கள் சினந்துகொள்ள மாட்டோம்” என்னும் வாக்குறுதியே அது.

வாழ்க்கைத் திறன்கள் என்று இக்காலத்தில் பெரிதும் பேசப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் அத்தகைய திறன்கள் பத்தினை வகுத்துக் காட்டிற்று. தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதுமையாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், கருத்தைத் தெளிவாகத் தெரிவித்தல், உறவுகளைப் பேணுதல், உணர்ச்சிகளை ஆளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் என்பவை அவை. இவற்றுள் எதனையும் நாம் குறைத்து மதிக்கவில்லை. எனினும் முதன்முறையாக வீட்டைப் பிரிந்து வாழும் பிள்ளைக்கு இவை அனைத்திற்கும் வாயிலாக அமைவது ஒன்றுண்டு. தனக்கு நேர்ந்த துன்பத்தை உரிய காலத்தில், உரியவரிடம் சொல்லுதலே அது.

நம் அணையையே எண்ணிப் பாருங்கள். 1925க்கும் 1934க்கும் இடையே கட்டப்பெற்ற இவ்வணை 120 அடி உயரத்திற்கு, 93.47 டி.எம்.சி. நீரைத் தாங்கி நிற்கிறது. அணை நிறைந்தபின் மேலும் வெள்ளம் வருமாயின், பதினாறு கண் மதகுகளின் வழியே உபரி நீர் வெளியேறுகிறது. அம்மதகுகளை அணையின் பலவீனம் என்று எவரும் இகழ்வதில்லை. அணையைக் காப்பவை அவையே. வெள்ளம் வந்தபின் அவசரமாக வெட்டிய வழியும் அன்று அது. மனிதர்க்கும் அத்தகைய வழி முன்கூட்டியே அமைந்திருத்தல் வேண்டும். எவ்வெவ்விடங்களில் அது தேவைப்படும் என்பதைக் காண்போம்.

தேர்வில் தவறினால்

பள்ளியில் முதல் மாணவனாக விளங்கியவன், தமிழ்வழியில் பயின்றவன், கல்லூரியில் முதற் பருவத்திலேயே இரண்டு பாடங்களில் தவறிவிடுகிறான். ஆங்கிலத்தில் நடந்த பாடம் அவனுக்கு விளங்கவில்லை, கேட்க நாணினான். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆனால் அவன் அச்செய்தியை வீட்டிற்கு மறைக்கிறான். மறைத்த ஓர் அரியர் அடுத்த பொய்யைக் கேட்கிறது. அப்பொய்யைக் காக்க மற்றொன்று வேண்டியிருக்கிறது. இறுதியாண்டில் உண்மை வெளிப்படும்போது இரண்டு பாடங்கள் பத்தாகப் பெருகியிருக்கும்.

மறைத்தலால் விளையும் இழப்பு மனத்துயரோடு நிற்பதில்லை. விடைத்தாளின் நகலைப் பெறவும், மறுமதிப்பீடு கோரவும் பல பல்கலைக்கழகங்களில் வழியுண்டு. ஆயின் அதற்குரிய நாள்கள் மிகச் சில. கட்டணமும் செலுத்த வேண்டும். வீட்டில் சொல்லத் துணியாதவன் அந்நாள்களை வீணே கழித்துவிடுகிறான். வருகைப் பதிவும் அத்தகையதே. தேர்வெழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. நோயுற்றவன் அப்பொழுதே மருத்துவச் சான்றுடன் துறைத் தலைவரைக் காண்பானாயின் வழி பிறக்கக்கூடும். பருவத்தின் இறுதியில் கண்ணீருடன் நிற்பதால் பயன் குறைவு.

தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறியோர் ஓராண்டு காத்திராமல், அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு எழுதும் முறை தமிழ்நாட்டில் உள்ளது. மறுவாய்ப்பு அண்மையில் இருக்கிறது என்னும் அறிவே எத்தனையோ இளம் உள்ளங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. கல்லூரியிலும் மறுவாய்ப்பு உண்டு என்பதைப் பிள்ளைக்கு முன்னதாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

பணம் என்னும் கண்ணி

வீட்டின் வறுமையை அறிந்த பிள்ளை பணம் கேட்கக் கூசுகிறது. அக்கூச்சத்தை நன்கறிந்தவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். கைப்பேசியில் சில நிமிடங்களில் கடன் தருவதாகக் கூறும் செயலிகள், பின்னர் மிரட்டியும் மானத்தைக் கெடுத்தும் பணம் பறித்த கொடுமைகள் பல. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளால் அழிந்த குடும்பங்களும் பல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. எனினும் சட்டத்தை ஏய்த்து அழைப்பவர்கள் இருக்கவே செய்வர்.

இன்னொரு கண்ணி இன்னும் கொடியது. “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் எனக்குக் கொடு, வரும் பணத்தில் உனக்கும் பங்கு தருகிறேன்” என்று ஒருவன் இனிக்கப் பேசுவான். அது பிறரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கும். கணக்கு முடங்கும், காவல்துறையினர் முதலில் தேடி வருவது கணக்குக்குரிய மாணவனையே. ஆகவே மாணவர்களே, கணக்கையும், ஏ.டி.எம். அட்டையையும், சிம் அட்டையையும் எவருக்கும் இரவல் கொடாதீர். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்; அதனைக் கேட்பவன் ஏமாற்றுபவனே. ஏமாந்துவிட்டால் வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்கப்படலாம்.

நேரிய வழிகளும் உள்ளன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்போர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள், மாணவியர்க்கு 2022இல் ‘புதுமைப் பெண்’ என்றும், மாணவர்க்கு 2024இல் ‘தமிழ்ப் புதல்வன்’ என்றும் தொடங்கப்பெற்றன. வங்கிகளின் கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தபின் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால் போதும். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைகளைப் பற்றிக் கேட்பது இரத்தல் ஆகாது. அது மாணவரின் உரிமை.

உறக்கமும் உணவும்

18 முதல் 25 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. பகலிற் படித்ததை மூளை நிலைநிறுத்துவது பெரிதும் உறக்கத்தின்போதே. ஆதலின் தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்திருப்பவன், ஒரு கையால் ஈட்டியதை மறு கையால் இழக்கிறான். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் அறையின் மறுபுறம் வைப்பது சிறிய செயல், பயனோ பெரிது. அதிகாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் காலையுணவைத் தவிர்ப்பதும் தீது. பசியும் உறக்கமின்மையும் சேர்ந்தவிடத்தில் சிறு துன்பமும் மலையாகத் தோன்றும்.

அஞ்சி ஒளிக்கும் துன்பம்

1996இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமை தமிழகத்தையே உலுக்கிற்று. அதன்பின் 1997இல் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்றது. இன்று முறையிட 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும் என்பதும் சட்டம்.

ஆனால் பெண்பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? “சொன்னால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார்” என்னும் அச்சமே பெருங்காரணம். தொல்லை செய்தவன் தன் வகுப்பில் தொடர்ந்து அமர்ந்திருக்க, உண்மை சொன்ன பெண் வீட்டில் அடைபடுவாளாயின், அவளுடைய தங்கை ஒருநாளும் வாய் திறக்க மாட்டாள். பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மனம் தளரும்போது

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என அரசுக் குற்ற ஆவணங்கள் கூறுகின்றன. ஒவ்வொன்றிற்கும் ஒரே காரணம் கூறுவது அறியாமை. ஆனால் காலத்தில் கிடைக்கும் உதவி உயிர் காக்கும் என்பது உறுதி. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தோற்றுவித்த சினேகா என்னும் அமைப்பு, துயருற்றோர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதையே தன் பணியாகக் கொண்டுள்ளது. 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற உளவியல் ஆலோசகர் இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலையில் பணித்துள்ளது.

ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, நண்பரைத் தவிர்த்து, ‘நான் எல்லார்க்கும் பாரம்’ என்னும் பேச்சு எழுமாயின், அது சோம்பலன்று, திமிருமன்று. மருத்துவரை நாட வேண்டிய நிலை அது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. “செபம் செய், எல்லாம் சரியாகும்” என்று கூறி மருத்துவத்தைத் தள்ளிப்போடும் இல்லங்களும் நம்மிடையே உள்ளன. காய்ச்சல் கண்டபோது செபத்தோடு மருந்தையும் நாடுகிறோம் அல்லவா? மனத்திற்கு மட்டும் ஏன் வேறு நீதி?

தோழரின் கடமையும் ஒன்றுண்டு. உயிரைப் பற்றிய அச்சம் எழும் வகையில் நண்பன் பேசினால், ‘யாரிடமும் சொல்லாதே’ என்னும் அவன் வேண்டுகோளுக்கு இணங்காதீர். அவனைத் தனியே விடாமல், விடுதிக் காப்பாளருக்கோ ஆசிரியருக்கோ அவன் வீட்டாருக்கோ உடனே தெரிவியுங்கள். நட்பு முறிந்தாலும் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர்க்கு

சொல்லத் தெரிந்த பிள்ளை, கேட்கத் தெரிந்த வீட்டில்தான் வளரும். தொலைபேசியில் அழைத்தவுடன் “எத்தனை மதிப்பெண்?” என்று தொடங்காதீர். “சாப்பிட்டாயா? யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். இரண்டாவது வினாவின் விடையில் பிள்ளையின் தனிமை தெரிந்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர். “உனக்காக எவ்வளவு செலவு செய்தோம்” என்னும் கணக்கை ஒருபோதும் வாசிக்காதீர். அக்கணக்கு அப்பிள்ளைக்கு மனப்பாடம். கெட்ட செய்தி வருமாயின் முதற்சொல் “நீ சொன்னது நல்லது” என்பதாக இருக்கட்டும். அறிவுரையும் கண்டிப்பும் மறுநாள் வரை காத்திருக்கலாம். அதனால் குடி மூழ்கிவிடாது.

மாணவர்களே! புறப்படுமுன் ஒரு தாளில் மூன்று பெயர்களையும் அவர்தம் தொலைபேசி எண்களையும் எழுதுங்கள். ஒருவர் வீட்டில் உள்ளவராகவும், ஒருவர் கல்லூரியில் உள்ளவராகவும், ஒருவர் நீங்கள் மதிக்கும் வேறொரு பெரியவராகவும் இருக்கட்டும். அதனடியில் 14416 என எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். அம்மூவரிடமும் இன்றே பேசி, “எனக்கு ஓர் இடர் வந்தால் உங்களை அழைப்பேன்” என்று சொல்லிவிடுங்கள். முதன்முறை சொல்வதுதான் கடினம். துன்பம் வருமுன்னரே அதைச் சொல்லி முடித்தவனுக்கு, வந்தபின் அழைப்பது எளிதாயிருக்கும்.