பெட்டிக்குள் பிறந்த நூறு ரூபாய்

2024 ஆகஸ்ட் 18 அன்று, கலைவாணர் அரங்கில் கலைஞர் நூற்றாண்டு நாணயத்தை ராஜ்நாத் சிங் வெளியிட்டார். முகமதிப்பு 100 ரூபாய். எடை 35 கிராம், அதில் பாதி வெள்ளி. அன்றைய விலைக்கு அந்த வெள்ளி 2,000 ரூபாய்கூடத் தேறாது. அறிவாலயத்தில் அதை விற்றது 10,000 ரூபாய்க்கு.

"வாங்குறவன் காசு, உனக்கென்னப்பா?" என்பீர்கள். சரிதான், நாணயம் சேகரிப்பது பாவமில்லை. ஆனால் ராஜராஜன் காசுக்கு இன்றைக்கு மவுசு இருக்கிறதென்றால், அது ஒருகாலத்தில் ஊரெல்லாம் கைமாறிய காசு என்பதும் ஒரு காரணம். இதுவோ பெட்டிக்குள்ளேயே பிறந்தது. இதைக் கொடுத்து யாரும் டீ குடிக்கப் போவதில்லை.

2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு 100 ரூபாய் வெள்ளி நாணயத்தோடு 5 ரூபாய்க் காசும் அடித்தார்கள். அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருந்தது. பெருங்குடி ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அக்கா சுருக்குப்பையிலும் அண்ணா இருக்கலாம். 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் அப்படித்தான்: 1,000 ரூபாய் நாணயம் சேகரிப்பவர்களுக்கு, 5 ரூபாய்க் காசு ஜனங்களுக்கு.

கலைஞருக்கு அந்த 5 ரூபாய் எங்கே? ஒன்றிய அரசு தரவில்லை என்றால், கேட்டு வாங்க வேண்டியது யார்? சாமானியன் பெயரைச் சொல்லி வளர்ந்த கட்சி, தன் தலைவரைச் சாமானியன் கைக்கு எட்டாத விலைக்கு விற்றது. நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்று பொறித்திருக்கிறார்கள். வெல்லட்டும். அதுக்கு முன்னாடி அது சில்லறையாகப் புழங்கட்டும்.