மேலிருந்து காணும் நகர்

திருப்பாலைக்குடிக் கடற்கரையில் நின்று நோக்கின் ஊர் முழுவதும் ஒரே மட்டமாகத் தோன்றும். ஏறி நின்று பார்ப்பதற்கு அருகில் ஒரு குன்றும் இல்லை. முற்காலத்தில் அவ்வூரை மேலிருந்து கண்டவர் பனையேறும் தொழிலாளரே. இன்றோ செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கைப்பேசியில் விரித்து, ஊரின் கூரைகளைச் சிறுவர்கள் எண்ணிவிடுகின்றனர். ஆயினும், பனையேறியவர் கண்ட ஊரும் இவர்கள் காணும் ஊரும் ஒன்றல்ல என்பது என் கருத்து. இதனை எனக்கு உணர்த்தியது ஒரு படக்கதை என்றால் மாணவர்கள் வியப்படையலாம். படக்கதை படிக்கும் பிள்ளைகளைக் கடிந்த ஆசிரியர்களுள் யானும் ஒருவன்!

அமெரிக்க நாட்டு ஓவியர் வின்சர் மெக்கே என்பவர், 1905-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் முதல் ‘நியூயார்க் ஹெரால்டு’ என்னும் செய்தித்தாளில், நீமோ என்ற சிறுவனின் கனவுகளை வாரந்தோறும் வண்ணப் படங்களாக வரைந்து வந்தார். ரைட் உடன்பிறந்தார் வானூர்தியில் பறந்து அப்பொழுது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நகரை வானிலிருந்து கண்டவர் மிகச் சிலர். 1908-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த படமொன்றில் நீமோவின் கட்டிலுக்குக் கால்கள் நீண்டு வளர்கின்றன. அது வீதிகளில் நடந்து, மாடமாளிகைகளைத் தாண்டிச் செல்கின்றது. கீழே கூரைகளும் சாளரங்களும் தெளிவாகத் தெரிகின்றன. 1910-இல் வான்கப்பலில் ஏறி, அந்நாட்டின் மெய்யான நகரங்களையே அவன் வலம் வருகின்றான். உயரத்தின் பெருமிதத்தோடு, விழுந்துவிடுவோமோ என்னும் குழந்தையின் அச்சமும் அப்படங்களில் உண்டு. ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் அவன் விழித்தெழுந்து தன் வீட்டுப் படுக்கையறையில் இருப்பதைக் காண்கின்றான். நியூயார்க்கில் வாழ்ந்து, அதன் தெருக்களில் நடந்து பழகியவர் வரைந்தமையால் அந்நகரம் வெறும் கோடுகளாய்ப் போய்விடவில்லை.

நம் புலவர்க்கு இப்பார்வை புதிதன்று. பரிபாடற் புலவர் ஒருவர் மதுரையைத் திருமாலின் உந்தியில் மலர்ந்த தாமரையாகக் காண்கின்றார். தெருக்கள் அதன் இதழ்கள். நடுவிலுள்ள கோயில் அதன் பொகுட்டு. மேலிருந்து நோக்கினாலன்றி இவ்வுவமை தோன்றுமோ? அதனினும் சிறந்தது, குடிமக்களைப் பூந்தாதாகவும், பரிசில் பெற வருவோரை அத்தாதினை உண்ணும் பறவைகளாகவும் அவர் கண்டது. நிலப்படம் வரைவோர் நகரைக் காட்டும்போது மக்களை விட்டுவிடுவர், இப்புலவர் விட்டிலர்.

கம்பர் காவியத்தின் மீட்சிப் படலத்தில், வானில் செல்லும் விமானத்திலிருந்து இராமன் சீதைக்குச் சேதுவைக் காட்டுகின்றான். அஃது இந்தக் கடற்பகுதியே. பிரிந்திருந்த காலத்தில் நிகழ்ந்தவற்றை அவளுக்குக் கூறுவதற்காகவே அவன் கீழே நோக்குகின்றான் என்று எனக்குத் தோன்றும்.

திருப்பாலைக்குடியின் கூரைகளைக் கைப்பேசியில் எண்ணிய சிறுவனுக்குக் கணக்குத் தெரியும். மாலையில் பனையுச்சியில் இருந்தவருக்கோ, எந்த வீட்டுப் படகு இன்னும் கரை சேரவில்லை என்பதும் தெரிந்திருந்தது.