பாம்புச் செடியும் சாத்திய ஜன்னலும்

நம்மவர் வீடுகளில் இப்போது எங்கு பார்த்தாலும் 'ஸ்நேக் பிளான்ட்'. புதுமனை புகுவிழாவுக்குக் குத்துவிளக்கு கொடுத்த காலம் போய், பீங்கான் தொட்டியில் இந்தச் செடியைக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் செடியோடு சேர்த்து ஒரு பொய்யையும் கொடுக்கிறார்களே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"இரவெல்லாம் ஆக்ஸிஜன் விடும், படுக்கையறையில் வையுங்கள்" என்று சொல்லி விற்கிறார்கள். ஹைதராபாத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தங்கை மகள், இளைப்பு உள்ள தன் ஆறு வயதுப் பையனின் தலைமாட்டில் மூன்று தொட்டிகளை வைத்துவிட்டு, தெருத் தூசிக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்துவிட்டாள். கேட்டால், "அதான் செடி இருக்கே மாமா" என்கிறாள். கொசுவர்த்தி வேறு இரவு முழுவதும் புகைகிறது.

இந்தச் செடி வறண்ட நிலத்துக்குப் பழகியது. பகலில் இலைத் துளைகளை மூடி நீரைக் காப்பாற்றிக்கொள்கிறது. இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை இழுத்து, ஒருவகை அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. அதைக்கொண்டு உணவு தயாரிப்பது மறுநாள் வெளிச்சம் வந்த பிறகுதான். ஆக்ஸிஜன் உண்டாவதும் அப்போதுதான். இருட்டில் ஆக்ஸிஜன் தயாரிக்கும் வித்தை இதற்குத் தெரியாது. சும்மா படுத்திருக்கும் மனிதனுக்கே நாளொன்றுக்குச் சுமார் 350 லிட்டர் ஆக்ஸிஜன் வேண்டும். மூன்று தொட்டி எந்த மூலைக்கு?

'நாஸாவே சொல்லிவிட்டது' என்பார்கள். 1989இல் நாஸாவுக்காக வுல்வர்ட்டன் என்பவர் செய்த ஆய்வில், பென்ஸீன் போன்ற நச்சு வாயுக்களைச் செடிகள் குறைத்தது மெய்தான். ஆனால் அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் தானாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 11 சதுர மீட்டர். குறைந்தபட்சமே 110 தொட்டி. பையனுக்குக் கட்டில் போட இடமிருக்காது! வாகன நெரிசல் தொடங்குமுன் அதிகாலையில் ஜன்னலைத் திறப்பதும், கொசுவர்த்தியை விட்டு வலை கட்டுவதும் அவனுக்குச் செய்யும் நன்மையை எந்தச் செடியும் செய்யாது. தொட்டி மண் எப்போதும் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். இளைப்புக்காரர்களுக்கு அதுவும் ஆகாது.

பிறகு எதற்காகத்தான் இதை வளர்ப்பது? அழகுக்காக, கவனிக்காவிட்டாலும் சாகாத அதன் குணத்துக்காக. லீவுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அப்படியே நிற்கும். கடையில் விற்பது மேற்கு ஆப்பிரிக்கச் செடி. ஆனால் இதன் சொந்தக்காரச் செடி நமக்குப் புதிதல்ல. வெதுருகுப்பம் பக்கத்துக் குன்றடிகளில் காணும் மருள்தான் அது. (எங்கள் ஊர்ப் பெயரே 'வெதுரு' என்ற தெலுங்கு மூங்கிலும் தமிழ்க் குப்பமும் சேர்ந்தது; மருளுக்கும் இங்கே இரண்டு மொழியிலும் பெயர் உண்டு.) அதன் நாரில் கயிறு திரித்தார்கள், வில்லுக்கு நாண் ஏற்றினார்கள். சாமல்கோட்டையில் இருந்த கம்பெனி மருத்துவர் ராக்ஸ்பர்கின் பெயரைத்தான் தாவர நூலார் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

வளர்ப்பதில் ஒரே ஆபத்து தண்ணீர். ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடுவதில் பாதி நோக்கம் தண்ணீர் தேங்காமல் இருக்கத்தான். தொட்டிக்கும் அப்படியே. அடியில் ஓட்டை, அதன்மேல் ஓட்டாஞ்சில்லு, பிறகு செம்மண்ணும் மணலும் சரிபாதி, ஒரு கைப்பிடி மட்கிய எரு. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, மண் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை போதும். இலையின் அடி கொழகொழத்து நாற்றம் வந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். அழுகலை வெட்டி, இரண்டு நாள் காயவைத்து வேறு மண்ணில் நடவும். இலை கடிபடாத உயரத்தில் வைப்பது நலம். நாய், பூனைக்கு அது வாந்தி உண்டாக்கும். தவழும் குழந்தையும் வாயில் வைக்கக்கூடாது.

இலையை நான்கு அங்குலத் துண்டாக வெட்டியும் நடலாம். அடிப்பக்கம் கீழே இருக்கவேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. ஆனால் மஞ்சள் கரை உள்ள இனத்தை இப்படி நட்டால் கரை போய் வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்துத்தான் நடவேண்டும். என் வீட்டில் அப்படிப் பிரித்த கன்றுகள் ஏழெட்டு இருக்கின்றன. திருப்பதிக்கு வரும் சங்க அன்பர்கள் சொல்லியனுப்பினால் தருகிறேன். தொட்டி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும், அடியில் ஓட்டை உள்ளதாக.