யார் கையெழுத்துப் போட்ட வாரன்ட்?

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை காலை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குடியிருப்பு ஒன்றின் கதவை ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் அதிகாரிகள் மூன்று பேர் தட்டினார்கள். தேடி வந்தது ரஞ்சனி ஸ்ரீநிவாசன் என்ற இந்திய ஆய்வு மாணவியை. அவருடைய விசா இரண்டு நாள் முன்புதான் ரத்தாகியிருந்தது. கதவு திறக்கவில்லை. மறுநாள் இரவு திரும்ப வந்தார்கள், அவர் அங்கே இல்லை. 11ஆம் தேதி கனடாவுக்குப் போய்விட்டார். 13ஆம் தேதி நீதிபதியின் வாரன்ட்டோடு வந்து உள்ளே நுழைந்தபோது அவர் நாட்டிலேயே இல்லை.

அந்த இரண்டாவது இரவில்தான் மஹ்மூத் கலீல் கைதானார். கிரீன் கார்டு வைத்திருந்தவர். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கர்ப்பிணி மனைவியின் கண் முன்னால். லூசியானா தடுப்பு முகாமில் 104 நாள். முதல் குழந்தை பிறந்தபோது கூட இல்லை. கைதுக்கு முந்தைய நாள் அவர் கொலம்பியாவின் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், எனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டு.

இப்போது அமெரிக்காவில் மாணவர்கள் தங்கள் நிர்வாகங்களிடம் கேட்பது அந்த மின்னஞ்சலில் இருந்ததைத்தான். நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரன்ட் இல்லாமல் விடுதிக்குள்ளும் ஆய்வகத்துக்குள்ளும் யாரையும் விடாதே. எங்கள் விவரங்களைத் தூக்கிக் கொடுக்காதே. வளாகத்துக்கு அவர்கள் வந்தால் எங்களுக்குச் சொல். இவ்வளவுதான். இதற்கு நிர்வாகங்கள் வழக்கமாகத் தரும் பதில்: "பொருந்தக்கூடிய எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டு நடப்போம்."

நான் படித்த பல்கலைக்கழகமும் இதையே அனுப்பியது. மாணவர்கள் சுற்றுக்கு விட்ட மனுவில் நானும் ஒரு பழைய மாணவனாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பதிலைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. சட்டத்தை மீறு என்று யாருய்யா கேட்டது?

ஐஸ் அதிகாரிகள் வழக்கமாகக் கையில் வைத்திருப்பது நிர்வாக வாரன்ட். அவர்கள் துறையைச் சேர்ந்த ஒருவரே கையெழுத்துப் போட்ட காகிதம், எந்த நீதிபதியும் பார்க்காதது. அதை வைத்துக்கொண்டு பூட்டிய தனியிடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது என்பதுதான் நீண்டகாலச் சட்டப் புரிதல். அனுமதி தருவது யார்? விடுதி வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன். பேட்ஜைக் காட்டினால் பயந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவான். "நான் திறக்க முடியாது, சட்டப் பிரிவைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுப்பது எந்தச் சட்டத்துக்கு விரோதம்?

விவரங்கள் கதையும் இதேதான். மாணவர் பதிவேடுகளைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974லிருந்து இருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை. பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைப் பொது விவரம் என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டால், மாணவர் முன்கூட்டியே மறுப்புத் தெரிவித்திருந்தால் ஒழிய, ஒப்புதல் இல்லாமலே வெளியே கொடுக்கலாம். அந்தப் பட்டியலில் எது இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது பல்கலைக்கழகம்தான். முகவரியை எடுத்துவிட வாஷிங்டனிடம் கேட்கத் தேவையில்லை.

சில இடங்களில் இதற்கு நேரெதிராக நடக்கிறது. மாணவர்களில் பெரும்பான்மையினர் லத்தீன் அமெரிக்க வேர் கொண்டவர்களான மயாமியின் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில், வளாகக் காவல்துறையே ஐஸுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மாணவர்களும் பேராசிரியர்களும் எதிர்த்தும் போட்டார்கள். பல்கலைக்கழகங்களைக் கைது நடவடிக்கை தவிர்க்கவேண்டிய இடமாக வைத்திருந்த 2021ஆம் ஆண்டு வழிமுறையும் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது நிர்வாகத்தின் முதுகெலும்பு மட்டும்தான்.

இதைச் சொன்னால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மாமா உடனே வருவார். "படிக்கத்தானே போனாங்க? போராட்டத்துக்கு ஏன் போகணும்? நம்ம பசங்க ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாது." மாமாவுக்காகவே 2025 ஏப்ரலைச் சொல்கிறேன். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினார்கள். 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை எஃப்பிஐயின் குற்றத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டார்கள். சுமார் 6,400 பெயர் பொருந்தியது. அதில் தள்ளுபடியான வழக்குகளும் இருந்தன. ஆயிரக்கணக்கானவர்களின் பதிவு, செவிஸ் என்ற மாணவர் கண்காணிப்புத் தளத்தில் ரத்தானது. யூட்டாவில் ஒரு ஜப்பானிய ஆய்வு மாணவரின் கணக்கில் இருந்தது, அனுமதித்ததைவிட அதிகமாக மீன் பிடித்ததற்கான ஒரு நோட்டீஸும் வேகமாக வண்டி ஓட்டிய அபராதமும். மாணவருக்கும் தகவல் இல்லை, பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. பல இடங்களில் ஊழியர்கள் தாங்களே தளத்துக்குள் போய்ப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நீதிமன்றங்களில் வரிசையாக அடி வாங்கிய பிறகு அரசு அதே மாத இறுதியில் பதிவுகளைத் திரும்பச் சேர்க்க ஒப்புக்கொண்டது. இப்படி ஒரு மாற்றத்தை நான் ப்ரொடக்‌ஷனில் ஏற்றியிருந்தால் அன்று மாலையே வேலை போயிருக்கும்.

ஒழுங்காக இருந்தும் ஆனது மாமா.

நிர்வாகங்களின் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். ரஞ்சனியின் கதவைத் தட்டிய அதே மார்ச் 7ஆம் தேதிதான் கொலம்பியாவின் 40 கோடி டாலர் மானியத்தை ரத்து செய்தார்கள். அடங்கிப் போனது கொலம்பியா, ஜூலையில் 20 கோடி டாலருக்கு மேல் கட்டவும் சம்மதித்தது. ஆனால் டஃப்ட்ஸ் என்று ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. முகமூடி போட்டவர்கள் ருமெய்சா ஒஸ்டுர்க்கைத் தெருவில் மடக்கிக் கொண்டுபோன சில நாட்களில், அதன் தலைவர் சுனில் குமார் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் சொன்னார்: இவர் எங்கள் மாணவி, நல்ல நிலையில் இருப்பவர், இவர் எழுதிய கட்டுரை எங்கள் விதி எதையும் மீறவில்லை. ஒஸ்டுர்க்கை மே மாதம் நீதிமன்றம் விடுவித்தது. டஃப்ட்ஸின் கதவுகள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன.

கொலம்பியாவோ ரஞ்சனி போன பிறகு அவருடைய சேர்க்கையையே நீக்கியது. வாடகை வாங்கிய வீட்டுக்காரன், குடியிருந்தவர் ஓடிய மறுநாளே பெயர்ப்பலகையைக் கழற்றுவதுபோல.

போன மாதம் நான் படித்த இடத்திலிருந்து நன்கொடை கேட்டு அழைப்பு வந்தது. பேசியது ஒரு மாணவி, மணிக்கணக்குச் சம்பளத்துக்கு அழைப்பவள். இந்த வருஷப் பணம் மாணவர்கள் வக்கீலுக்காகத் திரட்டும் நிதிக்குப் போகிறது, உங்களுக்கு இல்லை என்றேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எழுதட்டுமா என்று கேட்டாள். அப்படியே எழுதச் சொன்னேன்.