வேலியைப் பிடுங்குவதும் வேலி வேலையே

வட அமெரிக்க நிலவிலங்குகளில் பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கை ஓடி முந்த எதனாலும் முடியாது. மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் அந்த விலங்கு, வயோமிங் மாநிலத்துப் புல்வெளியில் நாலு இழை முள்கம்பியைக் கண்டதும் நின்றுவிடுகிறது. மானைப் போல எகிறித் தாண்டும் பழக்கம் அதற்குப் பெரும்பாலும் இல்லை. மறைப்பே இல்லாத சமவெளியில் ஓடி வளர்ந்த இனம் அது. வேலியோரமாக நடக்கிறது, திரும்புகிறது, மறுபடி நடக்கிறது. கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவே இடம் கிடைத்தால் முன்கால்களை மடக்கி ஊர்ந்து நுழைகிறது. அப்படி நுழையும்போது முள் முதுகைக் கீறுகிறது, கொத்தாக மயிர் கம்பியில் சிக்கி நிற்கிறது. பனி கொட்டிக் கீழ்க்கம்பியை மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

இப்படிப்பட்ட வேலிகளுக்குள் பல இடங்களில் இன்று அடைத்து வைக்க ஒன்றுமே இல்லை. ஆட்டுப்பண்ணைக்காக நெருக்கமான வலைக்கம்பி போட்டவர் காலமாகிவிட்டார், ஆடுகளும் போய்விட்டன. நிலம் இரண்டு மூன்று கை மாறிவிட்டது. புதிய உரிமையாளர் தன் தேவைக்கு வேறு கோட்டில் வேறு வேலி போட்டுக்கொண்டார். பழையது மட்டும் சாய்ந்தும் தொங்கியும் நிற்கிறது. அதை யாரும் வேண்டும் என்று வைத்திருக்கவில்லை; எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

மேய்ச்சல் நிலத்தைப் பராமரிப்பவர்களின் தொழிலில் இது பெரிய ஓட்டை. வேலி போடும்போது நீளம் அளக்கிறோம், காலுக்குக் கால் இடைவெளி கணக்கிடுகிறோம், கம்பிக்கும் கூலிக்கும் மதிப்பீடு போடுகிறோம். அந்த வேலி எப்போது தேவையற்றதாகும், அன்று அதை யார் எடுப்பார், செலவு யாருடையது என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. போட்ட வேலியை எடுப்பதும் வேலி வேலையில் ஒரு பாதிதான் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

வேலி எதுவும் சும்மா நிற்பதில்லை என்பதற்குக் கணக்கே இருக்கிறது. வயோமிங்கின் பைன்டேல் வட்டாரத்தில் விலங்குகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு பிராங்ஹார்ன் ஆண்டுக்குச் சராசரியாக 248 முறையும், ஒரு மியூல் மான் 119 முறையும் வேலியை எதிர்கொள்வதாக அது கண்டது. அவற்றில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுத் தடவை விலங்கின் இயல்பான நடமாட்டம் மாறிப்போனது. கோலராடோ, யூட்டா மாநிலங்களின் சாலையோர வேலிகளில் நடந்து 2006இல் வெளியான இன்னொரு ஆய்வு, நான்கு கிலோமீட்டர் வேலிக்கு ஆண்டுக்கு ஒரு விலங்கு வீதம் கம்பியில் சிக்கிச் சாவதாகக் கணக்கிட்டது. சிக்கியவற்றில் குட்டிகளே மிகுதி. கம்பியில் மாட்டாமல் வேலியை ஒட்டி இறந்து கிடந்தவற்றில் பத்தில் ஒன்பது குட்டிகள். தாய் தாண்டிப் போய்விட, குட்டி இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. கீழே வலைக்கம்பியும் அதன் தலையில் ஒற்றை முள்கம்பியும் ஓடும் வேலிதான் எல்லாவற்றிலும் கொடியது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

முள்கம்பியின் வரலாறே இந்தப் பாடத்தோடுதான் தொடங்குகிறது. இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874 நவம்பரில் தன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். பத்தே ஆண்டுகளில் டெக்சாஸின் வடக்கு மூலையில், வடக்கிலிருந்து மாடுகள் இறங்கி வராமலிருக்க, மாட்டு முதலாளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி இழுத்துவிட்டார்கள். 1885-86 குளிர்காலத்துப் பனிப்புயலில் காற்றுக்கு முதுகு காட்டித் தெற்கே நகர்ந்த மாடுகள் அந்தக் கம்பியில் முட்டி நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின்மேல் குவிய, மந்தை மந்தையாக விறைத்துச் செத்தன. முள்கம்பி அன்று பெரும் எண்ணிக்கையில் கொன்றது காட்டு விலங்குகளை அல்ல, மாடுகளை.

நூறாண்டு கழித்து அதே பாடம் நீதிமன்றம் ஏறியது. வயோமிங்கில் ராலின்ஸ் ஊருக்குத் தென்மேற்கே ரெட் ரிம் என்று ஒரு மேடு உண்டு. காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடுவதால் பிராங்ஹார்ன்கள் குளிர்காலத்தில் அங்கே வந்து சேஜ் புதரை மேயும். சதுரங்கக் கட்டம் போலத் தனியார் நிலமும் அரசு நிலமும் மாறிமாறி வரும் பகுதி அது. 1983இல் ஒரு பண்ணையாளர் தன் கட்டங்களுக்குள்ளேயே 45 கிலோமீட்டர் வேலி போட்டு, 20,000 ஏக்கருக்கு மேல் வளைத்தார். அதில் 9,600 ஏக்கர் அரசு நிலம். அந்தக் குளிர்காலத்தில் விலங்குகள் வேலியோரம் பட்டினி கிடந்தன. அரசு நிலத்தை அடைத்து வேலி போடக்கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டம் இங்கும் பொருந்தும், குளிர்காலத்தில் விலங்கு மேய்வதும் அந்த நிலத்தின் முறையான பயன்தான் என்று தீர்ப்பு வந்தது. வேலியை அகற்று, இல்லையேல் விலங்கு போக வழி செய்து மாற்று என்பது உத்தரவு. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தன் நிலத்தில் தான் போட்ட வேலிக்கும் எல்லை உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வழக்குகள் குறைவு.

பறவைகளுக்கும் இதே கதிதான். அதே மாநிலத்தில் ஃபார்சன் என்ற ஊரருகே ஏழரை கிலோமீட்டர் வேலித் துண்டு ஒன்றில் 2005 முதல் 2007 வரை இரண்டரை ஆண்டில் சேஜ் குரௌஸ் என்னும் காட்டுக்கோழி மோதியதற்கான 146 தடயங்கள் கிடைத்தன. விடியுமுன் இருட்டில் தாழப் பறந்து வரும் பறவைக்கு மேல்கம்பி தெரிவதில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகளைக் கம்பியில் மாட்டினால் மோதல் வெகுவாகக் குறைகிறது என்று ஐடஹோவில் கண்டறிந்தார்கள். தேவையான வேலிக்கு அது நல்ல தீர்வு. தேவையற்ற வேலிக்குப் பட்டை மாட்டுவது வீண் செலவு.

கால்நடை மருத்துவர்களிடம் கேட்டால் இன்னொரு பக்கத்தைக் காட்டுவார்கள். துருவேறி முறிந்த கம்பித் துண்டு புல்லோடு புல்லாகக் கிடக்கிறது. மாடு பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல. நாக்கால் சுழற்றி வாரி விழுங்கிவிடும். இரும்புத் துண்டு இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்குகிறது. அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் ஒன்றுதான். இரைப்பை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கம்பியின் கூர்முனை முன்னே நகர்கிறது. மாடு தீனி எடுக்காது, முதுகைத் தூக்கிக்கொண்டு முழங்கையை விரித்து நிற்கும், சரிவில் இறங்க மறுக்கும், முனகும். முன்கூட்டியே காந்தத்தை விழுங்க வைப்பது உதவும்; கம்பி இதய உறையைத் துளைத்துவிட்டால் பிழைப்பது அரிது. பாழடைந்த வேலி நிற்கும் நிலத்தில் மேயும் மாட்டுக்கு இந்த ஆபத்து தினம்தோறும் உண்டு.

அகற்றுவது என்று முடிவெடுத்த பின் வேலை கையில் இருக்கிறது, அதுவும் பழகிய கை வேண்டிய வேலை. முதலில் வேலி யாருடையது என்று தெரிய வேண்டும். எல்லையில் நிற்பது என்றால் பக்கத்து நிலத்துக்காரரின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் ஒரு கம்பியையும் தொடக்கூடாது. பல ஊர்களில் எல்லைக்கு இருக்கும் ஒரே கண்கூடான சாட்சி அந்தப் பழைய கால்வரிசைதான். நில அளவையரை வைத்துக் குறியிட்ட பிறகே பிடுங்கலாம்.

அடுத்தது கம்பியின் இழுவிசை. எத்தனை ஆண்டு ஆனாலும் மூலைக்காலில் முறுக்கி இழுத்த கம்பி இழுவையிலேயே இருக்கலாம். நடுவில் போய்க் கத்தரித்தால் அறுந்த முனை சாட்டையடியாகத் திரும்பி வந்து கண்ணையோ கழுத்தையோ பதம் பார்க்கும். மூலைக்காலில் ஆளை ஒதுங்கி நிற்க வைத்து, இழுவையைத் தளர்த்திவிட்டுத்தான் கத்தரிக்க வேண்டும். தடித்த தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலாவதியாகாத டெட்டனஸ் ஊசி ஆகியவை இல்லாத ஆளை வேலைக்குச் சேர்க்கக்கூடாது.

தளர்த்திய பின் ஒவ்வொரு காலிலும் இருக்கும் கிளிப்பையும் ‘ப’ வடிவ ஆணியையும் கழற்றிக் கம்பியைத் தரையில் விட வேண்டும். ஆணிகளை இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டே போவது நல்லது. நாலிழை வேலியில் காலுக்கு நாலு ஆணி, நூறு காலுக்கு நானூறு. மாலையில் எண்ணிப் பார்த்தால் எத்தனை புல்லுக்குள் விழுந்தன என்று தெரிந்துவிடும். காந்தச் சட்டத்தை இழுத்து அவற்றைப் பொறுக்கலாம். கம்பியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனால் முள் புதரில் மாட்டி அறுந்து துண்டுகள் மண்ணில் தங்கும். ஆள் கம்பியை நோக்கி நடந்து, ஒரு முழ அகல வளையமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும், ஒரு சுருளுக்கு ஒரே இழை. பழைய வேலியின் அடியில் அதற்கும் முந்திய வேலியின் கம்பி புதைந்திருப்பது சாதாரணம். அதையும் எடுக்காமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுவது தவறு.

இரும்புக் கால்களை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது நெம்புகோல் வைத்து நேரே மேலே தூக்கினால் வந்துவிடும். குழியை அன்றே மூடவில்லை என்றால் குதிரையும் மாடும் காலை விட்டு முறித்துக்கொள்ளும். மருந்தேற்றிய மரக்கால்களை எக்காரணம் கொண்டும் எரிக்கக்கூடாது. ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறிய மரம் புகையிலும் சாம்பலிலும் நஞ்சை விட்டுப்போகும். வாய் திறந்த இரும்புக் குழாய்க் கால்கள் நின்றால் மேலே மூடி போடுங்கள். கூடு தேடி உள்ளே இறங்கும் சிறு பறவை வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் அங்கேயே சாகிறது. முட்டையிடும் பருவத்தில் புதர் படர்ந்த வேலியைத் தொடாமல் விடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொடங்கியதை முடிப்பது. பாதி பிரித்துத் தரையில் தளர விட்ட கம்பி, விறைப்பாக நிற்கும் வேலியைவிடக் கொடியது. தாண்டும் மானின் பின்கால் மேலிரு கம்பிகளுக்கு நடுவே நுழைந்து திருகிக்கொள்வதும் தொய்ந்த கம்பியில்தான் அதிகம். ஒரு பருவத்தில் ஒரு கிலோமீட்டர்தான் முடியும் என்றால் ஒரு கிலோமீட்டரைச் சுத்தமாக எடுங்கள், மீதியைத் தொடாதீர்கள்.

எல்லா வேலியையும் பிடுங்கச் சொல்லவில்லை. நெடுஞ்சாலைக்கும் மந்தைக்கும் நடுவே நிற்பது, ஓடைக்கரையை மாட்டுக் குளம்பிலிருந்து காப்பது, முறை வைத்து மேய்க்கப் பட்டி பிரிப்பது ஆகியவை நிற்கட்டும். அவற்றிலும் கீழ்க்கம்பியை முள்ளில்லாத வெறுங்கம்பியாக மாற்றித் தரையிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர் உயர்த்துங்கள், மேல்கம்பியை ஒரு மீட்டர் அளவில் நிறுத்துங்கள், மேலிரு கம்பிகளுக்கு நடுவே 30 சென்டிமீட்டர் விடுங்கள். மொன்டானா மாநில வனவிலங்குத் துறை நில உரிமையாளர்களுக்கு வெளியிட்ட கையேட்டின் சாரம் இதுதான். மாட்டின் கழுத்தில் கருவி மாட்டிக் கம்பியே இல்லாமல் மறிக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. அது பரவும்போது தேவையற்ற வேலியின் நீளம் இன்னும் கூடும்.

ஆள் எங்கே என்ற கேள்விக்கு ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கு பதில் சொல்கிறது. அங்குள்ள வனவிலங்கு அறக்கட்டளை 1996 முதல் கோடைதோறும் தன்னார்வலர்களைத் திரட்டி, முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வேலியை அகற்றியோ மாற்றியோ இருக்கிறது. பண்ணையாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவர்கள் அழைத்த நிலத்தில் போய் வேலை செய்ததால் நடந்த காரியம் இது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு. காங்கயம் பகுதியில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறைகளாகச் சுற்றி நின்றது கிளுவை வேலி. போத்து வெட்டி நட்டால் துளிர்க்கும், கழித்த தழை வெள்ளாட்டுக்குத் தீனியாகும், அடியில் கீரியும் முயலும் புகுந்து போகும். பட்டுப்போன செடி மண்ணோடு மட்கும், அகற்றும் செலவென்று ஒன்று கிடையாது. அந்த இடங்களில் கல்காலும் முள்கம்பியும் ஏறும்போது, கம்பி ஒருநாள் துருப்பிடித்து உதிரும் என்பதையும் சேர்த்தே நிலக்காரருக்குச் சொல்ல வேண்டும். மலிவான கம்பிக்கு மாடும் ஒருநாள் விலை கொடுக்கும்.

ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நிலப் பராமரிப்புத் திட்டம் எழுதும்போது வேலிக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு வேலியையும் நடந்து பார்த்து, எதற்காகப் போட்டது, இன்று எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத வேலிக்கு அகற்றும் ஆண்டையும் செலவுத் தொகையையும் அதே பக்கத்தில் குறியுங்கள். புதிதாகப் போடும் வேலிக்கு மதிப்பீடு தரும்போது எடுக்கும் கூலியையும் ஒரு வரியாகச் சேர்த்து உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.